ரேகை விழவில்லை என்றால் யார் பொறுப்பு?

ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னார்கள். விரல் எடுபடாதவர்களிடம் கருவிழியைக் காட்டச் சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதிதாக பி.எப். என்னும் தொழிலாளர் சேமநல நிதிக் கணக்கு எண் வாங்க மத்திய அரசின் உமாங் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடிருப்பதை விரலாலோ முகத்தாலோ நிரூபிக்கிறார்கள். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரே குழப்பமாக நிற்கின்றன. அட்டை கையில் இருக்கிறது. கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், ஊருக்கே தெரியும். அப்புறம் எதற்கு ஒரு கருவி நம்மை ஒப்புக்கொள்ள வேண்டும்? அது ஒப்புக்கொள்ளாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

அடிப்படையிலிருந்து தொடங்கி இதற்குப் பதில் தேடலாம். தொழில்நுட்பமே வேண்டாம் என்பது என் வாதமில்லை. எந்தக் கருவியும் சில நேரம் தவறும். அப்படித் தவறும்போது அதன் செலவை யார் தலையில் வைப்பது என்பதை மட்டும் கருவி முடிவு செய்வதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது அந்த முடிவைத்தான்.

## ஒரே விரல், மூன்று வேலைகள்

செய்திகளில் எல்லாமே "பயோமெட்ரிக்" என்ற ஒரே பெயரில் வருகிறது. உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

1. அடையாளம் சொல்வது. நான் இன்னார் என்று அட்டையைக் காட்டுவது அல்லது 12 இலக்க ஆதார் எண்ணைச் சொல்வது. இதில் உடம்புக்கு வேலையில்லை.

2. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது. "இந்த எண்ணுக்குரியவர் நான்தான்" என்று விரலை வைக்கிறோம். அந்த எண்ணின் கீழ் ஏற்கனவே பதிவான ரேகையோடு மட்டும் கருவி ஒப்பிட்டு ஆம் அல்லது இல்லை என்கிறது. ரேஷன் கடையிலும் பி.எப். செயலியிலும் நடப்பது இதுதான்.

3. ஒன்றைப் பலவற்றுக்குள் தேடுவது. ஒரு முகமோ ரேகையோ கிடைக்கிறது, ஆள் யாரென்று தெரியாது. லட்சக்கணக்கான பதிவுகளுக்குள் தேடி, இவராக இருக்கலாம் என்று கணினி சொல்கிறது. காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் செய்வது இது.

இரண்டாவதற்காகக் கொடுத்த தகவல் மூன்றாவதற்குப் போகுமா என்ற பயம் நியாயமானது.

## ரேகை எப்படி எண்ணாகிறது

விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடுகளைத்தான் ரேகை என்கிறோம். ஓடிவரும் மேடு சட்டென்று நின்றுபோகும் இடம், ஒரு மேடு இரண்டாகக் கிளைக்கும் இடம் என்ற இருவகைப் புள்ளிகளைத்தான் கருவி முக்கியமாகத் தேடுகிறது. எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று குறித்து ஓர் எண்தொகுப்பாக மாற்றுகிறது. ஆதார் எடுத்த அன்று பதிவானது ஒரு தொகுப்பு. இன்று கடையில் வைத்த விரலிலிருந்து கிடைப்பது இன்னொரு தொகுப்பு.

இந்த இரண்டும் ஒருநாளும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. அழுத்தம் மாறும், விரல் சாயும், வியர்வை இருக்கும், கண்ணாடியில் மாவும் தூசியும் ஒட்டியிருக்கும். அதனால் கருவி எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் ஆம், தாண்டாவிட்டால் இல்லை.

எல்லையைத் தாழ்த்தினால் வேறொருவர் விரலும் உள்ளே போய்விடும். இது தவறான ஏற்பு. எல்லையை உயர்த்தினால் உரியவரே வெளியே நிற்பார். இது தவறான மறுப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்ஜியமாக்க எந்தக் கருவியாலும் முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஆக, எல்லையை எங்கே வைப்பது என்று யாரோ சிலர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். கடையத்திலோ களக்காட்டிலோ வரிசையில் நிற்பவர் யாரையும் அதற்காகக் கேட்கவில்லை.

## உழைப்பு தேய்த்த விரல்

பீடி சுற்றுவதைக் கவனித்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஊறவைத்த இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. அதனால் வீட்டு வேலைக்கு நடுவே நாளொன்றுக்குப் பல நூறு பீடிகள் சுற்றுகிறார்கள். சிறு வயதில் பீடித் தட்டைத் தூக்கியவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை ஆண்டும் இலையின் நரம்பும் தூளும் உரசுவது அதே இரண்டு மூன்று விரல்களின் நுனியில். ரேஷன் கடைக் கருவியில் முதலில் வைக்கச் சொல்வதும் அதே விரல்கள்தான். "ஆச்சி, ரேகை விழல, அடுத்த விரல வைங்க" என்ற குரல் இங்கே மாதாமாதம் கேட்கிறது.

பீடியோடு முடியவில்லை. பத்தமடையில் கோரை பிடிக்கும் கை, காருகுறிச்சியில் மண் பிசையும் கை, திசையன்விளைப் பக்கம் பனை ஏறும் கை, பழைய நெல்லை மாவட்டத்தின் பகுதியாக இருந்த தூத்துக்குடியில் உப்பு வாரும் கை, மாஞ்சோலையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த கை, நாற்று நடும் கை என எல்லாமே தேய்ந்தவை. வயதானால் தோல் உலர்ந்து மேடுகள் தாழும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபின் என்ற மருந்து சிலருக்கு ரேகையையே அழித்துவிடும். அரசின் உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களின் பட்டியலும் ரேகை விழாதவர்களின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இந்தப் பிரச்சினையின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

விரல் பொருந்தினாலும் பெயர் பொருந்தாமல் நிற்கும் கதை தனி. பீடிக் கம்பெனியின் பாஸ்புத்தகத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து இருக்கும். திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருக்கும். அது முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பது எழுதியவர் கையைப் பொறுத்தது. இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஐ' எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார். பிறந்த தேதியையே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு யாரோ குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். மனிதருக்கு இது ஒரே ஆள். பொருத்திப் பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டு ஆட்கள். பல ஆண்டு பிடித்த சேமநலப் பணம் இந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொள்ளும்போது திருத்துவதற்கு அலைய வேண்டியது அவர்தான். தப்பாகப் பதிந்த அலுவலகம் அலைவதில்லை.

அப்புறம் சிக்னல். காரையாறு அணைக்கு மேலே இஞ்சிக்குழி போன்ற காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இணையம் என்பது மலையிறங்கினால் கிடைப்பது. கருவி தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் சொல்கிறது. வழியில் இணைப்பு அறுந்தாலும், சர்வர் திணறினாலும், கண்ணாடி கீறியிருந்தாலும், வரிசையில் நிற்பவருக்குக் காதில் விழுவது ஒன்றுதான்: உங்களுக்கு வரவில்லை.

முகம் இதற்குத் தீர்வு என்கிறார்கள். ஓரளவுக்கு உண்மைதான், விரல் தேய்ந்தவர்களுக்கு முகம் உதவும். ஆனால் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஏராளமான முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்து, பலவற்றில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்குத் தவறான ஏற்பு வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்று கண்டது. எந்த மென்பொருள், எந்த முகங்களை வைத்துப் பழக்கப்பட்டது, நம் ஊர் வெயிலிலும் மங்கலான வீட்டுத் திண்ணையிலும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் கருவியை மட்டும் மாற்றினால் தவறு இடம் மாறும், அவ்வளவுதான்.

## சராசரி மறைக்கும் கணக்கு

ஒரு கடையில் 1000 அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். கருவி 98 சதவீதம் வெற்றி என்று அறிக்கை வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. மீதி 2 சதவீதத்தை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் விதம்: ஒவ்வொருவருக்கும் ஐம்பது முறையில் ஒருமுறை தவறும். நான்கு ஆண்டில் ஏதோ ஒரு மாதம் மட்டும் ஒரு நடை கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். பெரிய துன்பமில்லை.

இரண்டாவது விதம்: 980 பேருக்கு ஒருநாளும் தவறாது. 20 பேருக்கு ஒவ்வொரு மாதமும் தவறும்.

இரண்டுக்கும் சராசரி ஒன்றே. தேய்ந்த விரல் அடுத்த மாதம் திடீரென்று தேறிவிடுவதில்லை, ஆகவே நடப்பது பெரும்பாலும் இரண்டாவது விதம். வெற்றி சதவீதத்தைச் சொல்லும் எந்த அறிவிப்பையும் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: தோற்றவர்கள் ஒவ்வொரு மாதமும் அதே ஆட்களா?

அரசின் சொந்த ஆவணங்களே எச்சரித்திருக்கின்றன. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், குஜராத்தில் 6 சதவீதம் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. ஆதார் ஆணையத்தைத் தணிக்கை செய்து மத்திய தணிக்கைத் துறை 2022இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கூர்மையானது. 2018-19இல் நடந்த பயோமெட்ரிக் புதுப்பித்தல்களில் 73 சதவீதம், பழைய பதிவு சரியில்லாததால் மக்களே காசு கொடுத்துச் செய்துகொண்டவை என்று அது சொன்னது. பதிவின் தரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய அமைப்பு, பழுதுக்கான கட்டணத்தைப் பயனாளியிடம் வாங்குகிறது. 2025 அக்டோபர் முதல் அந்தக் கட்டணம் 125 ரூபாய். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, அதற்கு மேல் இந்தத் தொகை.

## திருட்டு நிற்கிறதா?

இதற்கெல்லாம் சொல்லப்படும் காரணம் ஒன்று: போலிகளை ஒழிக்க. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இறந்தவர் பெயரில் பொருள் வாங்குவதும் ஒருவரே இரண்டு அட்டை வைத்திருப்பதும் உண்மையில் நடந்தவை.

ஆனால் ரேஷனில் திருட்டு இரண்டு வகை. ஆள் மாறாட்டம் ஒன்று, அளவில் குறைப்பது இன்னொன்று. விரல் ரேகை முதலாவதை மட்டும்தான் தடுக்கும். உரிய ஆளே வந்து விரல் வைத்து, 20 கிலோவுக்குப் பதிலாகக் குறைத்து வாங்கிப் போனால் கருவியின் பார்வையில் எல்லாம் சரி. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் ஜார்க்கண்டில் பெரிய அளவில் செய்த ஆய்வில், ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதால் மட்டும் கசிவு குறையவில்லை என்று கண்டார்கள். முன்பு ஆதாரை இணைக்காதிருந்த பயனாளிகளுக்குக் கிடைத்ததோ சராசரியாக 10 சதவீதம் குறைந்துபோனது.

தமிழ்நாட்டு நிலைமை அதைவிட மேல் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ரேஷன் கிட்டத்தட்ட அனைவருக்குமானது. 2020 அக்டோபரில் விரல் ரேகை முறை வந்தபோதே மாற்று வழிகளுக்கு இடம் வைத்தார்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கடையின் எடைத் தராசை விற்பனைக் கருவியோடு இணைக்கும் வேலையும் நடக்கிறது. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே கருவியின் கண் வாங்குகிறவர் மேல் இல்லை, கொடுக்கும் அமைப்பின் மேல் இருக்கிறது. ஒரு தொழில்நுட்பம் யாரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே அதன் நியாயத்தை எடை போடலாம்.

நூறு நாள் வேலையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளங்களிலும் தினமும் இருமுறை புகைப்படம் எடுத்து செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. வெயிலில் சிக்னலுக்காகக் காத்திருந்தது தொழிலாளர்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சித் துறையே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்தவையும் ஏற்றப்படுவதாக அது ஒப்புக்கொண்டு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்றது. மனிதரை நம்ப முடியாது என்று கொண்டுவந்த கருவியைக் கண்காணிக்க மறுபடி மனிதர்களே வேண்டியிருந்தது.

## இது புதிய கதையும் அல்ல

தென்மாவட்டங்களில் பழைய தலைமுறைக்கு "ரேகைச் சட்டம்" என்றால் குற்றப் பரம்பரைச் சட்டம். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று அறிவித்து, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்த சட்டம். 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. தெற்கே கள்ளர், மறவர் சமூகங்களின் சில பிரிவினர் மேல் பாய்ந்தது. ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆட்களைக் கைரேகையால் அடையாளம் காணும் நிர்வாக முறையே பிரிட்டிஷ் இந்தியாவில் வளர்ந்ததுதான். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒரு ஒப்பந்தக்காரர் பின்னால் வாக்கு மாறக் கூடாதென்று கையச்சு வாங்கினார். பிறகு அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்போடு ரேகைகளை வகைப்படுத்தும் முறை உருவாகி, 1897இல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வந்தது. தொடக்கத்திலிருந்தே இந்த முறைக்கு அடியில் ஓர் அனுமானம் இருந்தது: எதிரே நிற்பவர் பொய் சொல்லக்கூடியவர், அவர் வார்த்தை போதாது.

இன்றைய ரேஷன் கருவியை அந்தச் சட்டத்தோடு சமமாக வைக்க முடியாது, நோக்கம் வேறு. ஆனாலும் அந்த அனுமானம் அப்படியே தொடர்கிறது. 2022இல் வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டம், தண்டனை பெற்றவர்கள் மட்டுமல்லாமல் கைதானவர்களின் ரேகை, கருவிழி போன்றவற்றையும் எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் கொடுக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படாதவரின் தகவல் அழியும் என்றாலும், நீதிமன்றமோ நீதித்துறை நடுவரோ எழுத்தில் காரணம் காட்டி அதை வைத்திருக்கச் சொல்லலாம்.

## மாற்ற முடியாத சாவி

வீட்டுச் சாவி திருட்டுப் போனால் பூட்டை மாற்றலாம். ரேகை திருடு போனால் விரலை மாற்ற முடியாது. உடம்பைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதன் ஆபத்து இதுதான்.

இது வெறும் கற்பனை பயமில்லை. பத்திரப் பதிவில் கைரேகை வைக்கிறோம். பத்திர நகல்கள் இணையத்தில் கிடைத்த மாநிலங்களில், அந்த ரேகைகளை எடுத்து சிலிக்கான் போன்றவற்றில் போலி விரல் செய்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் கணக்குகளைக் காலி செய்த வழக்குகள் பதிவாயின. அந்த முறையில் ஓடிபி கேட்பதில்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் போதும். ஒருமுறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பணம் போனது பாஸ்புத்தகத்தில் பதிவு போடப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. அசல் விரலா என்று கண்டறியும் புதிய சோதனைகளை ஆதார் ஆணையம் 2023இல் அறிவித்தது. நல்லது. ஆனால் சோதனை கடுமையாகும்போது தேய்ந்த அசல் விரலும் கூடுதலாக மறுக்கப்படுமே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தகவல் கசிவும் நமக்குப் புதிதில்லை. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண்களோடு, ஹேக்கர்கள் கூடும் தளத்தில் கிடப்பதாக ஒரு பெங்களூரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் தளத்துக்குள் அந்நியர் புகுந்த செய்தி வந்தது.

கசிவைவிட எனக்குக் கவலை தருவது, அது நடந்ததும் நிறுவனங்கள் பேசும் விதம். நம் நெல்லை மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீம்பொருள் புகுந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம், அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அமைப்பின்மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று மறுத்தது. மறுநாள் அந்த நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம், தீம்பொருள் கண்டறியப்பட்டது உண்மைதான், நிர்வாகப் பணிக்கான கணினியில் அது இருந்தது, உலையை இயக்கும் வலையமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்றது. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்துவிட்டது என்றும் அந்த அறிக்கையில் இருந்தது. உலைக்கு ஆபத்து நேரவில்லை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்து யாரோ போட்டு உடைக்காதிருந்தால், நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் குடியிருப்பவருக்கு அது தெரிய வழியே இருந்திருக்காது.

## சட்டம் யார் பக்கம்?

வரிசையாகச் சொன்னால் இப்படி.

1. 2017 ஆகஸ்ட் 24: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

2. 2018 செப்டம்பர் 26: நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதார் செல்லும் என்றது. வங்கிக் கணக்கு, செல்பேசி எண்ணோடு கட்டாய இணைப்பு கூடாது, நலத்திட்டங்களுக்குக் கேட்கலாம். சரிபார்ப்பு தோற்றதற்காக உரியவருக்கு மறுக்கப்படாது என்ற அரசின் உறுதிமொழியும் பதிவானது. 2017 அக்டோபர் 24 தேதியிட்ட ஆதார் ஆணையத்தின் சுற்றறிக்கையும் இதையே சொல்கிறது.

3. 2025 ஜனவரி 31: தனியார் நிறுவனங்களும் சில நோக்கங்களுக்கு, அனுமதி பெற்று, ஆதார் சரிபார்ப்பைப் பயன்படுத்த விதிகள் திருத்தப்பட்டன. 2018இல் மூடிய கதவு மெல்லத் திறக்கிறது.

4. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இந்தக் கடைசிச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை அரசின் கஜானாவுக்குப் போகும், தகவல் திருடுபோனவருக்குப் போகாது. இழப்பீடு கோர வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்து விலக்க மத்திய அரசால் முடியும். புகாரை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே மத்திய அரசு.

அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றிவிட்டது. முன்பு, தனிநபர் தகவலானாலும் பொதுநலன் பெரிதென்றால் அந்தப் பிரிவின்படியே தரலாம். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலனைக் காட்டி வாங்க வேறொரு பிரிவைப் பிடித்துத் தொங்க வேண்டும். வேலைக்கு வராதவர் பெயரில் கூலி எடுத்தது யார் என்று ஊர்க்காரர் கேட்டால், தனிநபர் தகவல் என்று கதவைச் சாத்த இது இடம் தருகிறது. குடிமக்களின் விரல் வரை அரசுக்குத் தெரிய வேண்டும், அரசின் பதிவேடு குடிமக்களுக்குத் தெரியக் கூடாது என்பது அந்தரங்கப் பாதுகாப்பு ஆகாது. பலவீனமானவருக்காகப் பிறந்த உரிமையை வலுவானவர் தனக்குக் கேடயமாக எடுத்துக்கொள்வது அது.

## இப்போதைக்குச் செய்யக்கூடியவை

1. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கின்றன. பெருவிரல் விழாவிட்டால் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள். பீடி சுற்றுவதில் அவை அதிகம் தேய்வதில்லை.

2. அதுவும் ஆகாவிட்டால் கருவிழி, செல்பேசிக்கு வரும் ஓடிபி போன்ற மாற்று வழிகளைக் கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. மறுத்தால் 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் புகார் செய்யலாம். எந்த நாளில், எத்தனை மணிக்கு மறுத்தார்கள் என்று குறித்துவைப்பது பின்னால் உதவும்.

3. விரலால் பணம் எடுக்கும் வழக்கம் இல்லாதவர்கள் ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். கடந்த ஆறு மாதங்களில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் அங்கே பார்க்கலாம். ஆதார் ஆணையத்தின் உதவி எண் 1947.

4. பி.எப். உள்ளவர்கள் வேலையிலிருந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம். பாஸ்புத்தகம், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கம்பெனி இயங்கிக்கொண்டிருக்கும்போது திருத்துவது எளிது, மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆளிருக்காது.

5. தனித்தனியாகக் கெஞ்சுவதைவிடக் கூட்டாகக் கேட்பதற்கு மதிப்பு அதிகம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும், ஊர் கிராமசபையிலும் ஒரு கோரிக்கையை வைக்கலாம்: எங்கள் கடையில் போன மாதம் எத்தனை பேருக்கு ரேகை விழவில்லை, அவர்களில் எத்தனை பேருக்கு அதே மாதம் வேறு வழியில் பொருள் கொடுக்கப்பட்டது, தொடர்ந்து மூன்று மாதம் விழாதவர்கள் எத்தனை பேர் என்று கடைப் பலகையில் எழுதிப் போட வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.